பிளக் சூடாகும் வரை ஒரு கதை

எனக்கு நன்றி சொல்ல வராது. திட்ட நன்றாக வரும். வேலை பார்த்த காலம் முழுவதும் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவன் நான். தாமதமாக வந்த டிரைவரைத் திட்டுவது, சீக்கிரம் கிளம்பிய டிரைவரைத் திட்டுவது, சரியான நேரத்துக்கு வந்தவரை முறைத்துப் பார்ப்பது, இதுதான் என் உத்தியோகம். ஓய்வு பெற்ற பிறகு திட்ட ஆள் இல்லாமல் வீட்டுக் கடிகாரத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். "பாவம், அதுவாவது ஓடுது. விட்டுடுங்க" என்பாள் என் மனைவி. அப்படிப்பட்டவன் ஒருவரைப் புகழ்ந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் விஷயம் லேசுப்பட்டதல்ல என்று நீங்களே புரிந்துகொள்ளலாம்.

அவரை நாங்கள் டிரைவரம்மா என்று கூப்பிடுவோம். ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் முதல் பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவர் டிரைவரம்மாதான். குள்ளமான உருவம். சாலை தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு தலையணையை இரண்டாக மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருப்பார். குரல் மட்டும் உருவத்துக்குச் சம்பந்தமில்லாமல் பெரியது. யாராவது வேன் கதவை ஓங்கிச் சாத்திவிட்டால் போதும், "கதவ அறையாதீங்க, அது உங்க மாமியார் இல்ல!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். மாமியாரைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு மருமகளிடமும் ஒருமுறை வாய் தவறி அதையே சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். முதலில் சிரித்தது அந்த மாமியார்தான்.

எனக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், கையில் ஊசிகளைக் குத்திக்கொண்டு, ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றிக்கொள்ள வேண்டும். டயாலிசிஸ் என்கிறார்கள். எங்கள் மலை ஊரின் மேட்டுத் தெருவிலிருந்து ஆஸ்பத்திரி வெகு தூரம். விடிவதற்குள் கிளம்பினால்தான் முதல் ஷிப்டில் இடம் கிடைக்கும். அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. பஸ் நிலையத்தில் இருந்தவன் சொல்கிறேன், நம்பலாம். என்னைப் போல அந்தப் பக்கத்தில் இன்னும் சிலர் இருந்தார்கள். எங்களை ஏற்றிப் போவதற்காக ஒரு சின்னச் சங்கம் பழைய டீசல் வேன் ஒன்றை ஓட்டிவந்தது. அந்த வேனைத்தான் டிரைவரம்மா ஓட்டினார். இரவில் அது எங்கள் தெருவிலேயே இருக்கும் சங்கக் கட்டடத்தில் நிற்கும், எல்லோரும் அங்கேயே வந்து ஏறிக்கொள்வோம்.

முதல் நாள் நான் என்ன நினைப்போடு ஏறினேன் என்பதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. நாலு தடவை போவது, அப்புறம் போதும் என்று நிறுத்திவிடுவது. அதுதான் முடிவு. இந்த வயதில் இயந்திரத்தோடு கட்டுண்டு வாழ வேண்டிய அவசியம் என்ன என்று தோன்றியது. மனைவி சால்வையைச் சரி செய்து விட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

பின்னால் ஒரு தையல்காரர், ஒரு டீச்சர், காது கேட்காத பெரியவர் ஒருவர். மூன்று பேரும் என்னைப் போன்ற நோயாளிகள்தான். கண்ணாடியில் பனி வெள்ளையாக உறைந்து கிடந்தது. டிரைவரம்மா சாவியைப் பாதி திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டார். எதிரே ஒரு சின்ன ஆரஞ்சு விளக்கு எரிந்தது. வண்டி கிளம்பவில்லை.

"சொல்லுங்க சார்" என்றார்.

"என்ன சொல்லணும்?"

"ஏதாவது ஒரு கதை. பிளக் சூடாகிற வரைக்கும் ஒருத்தர் கதை சொல்லணும், அதுதான் இங்க வழக்கம். புதுசா வர்றவங்க முதல்ல."

"நேரமாகுது, வண்டிய எடும்மா."

"அது கதையா சார்?" என்றார் பின்னாலிருந்து தையல்காரர். "ரொம்பச் சப்புன்னு இருக்கே."

கடுப்பில், கண்டக்டர் இல்லாமல் கிளம்பிப் போன ஒரு பஸ்ஸைப் பற்றிச் சொன்னேன். கண்டக்டர் டீ குடிக்க இறங்கியிருந்தார். யாரோ ஒரு பயணி விளையாட்டுக்கு விசில் அடிக்க, டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். வழியில் டிக்கெட் பரிசோதகர் ஏறிப் பார்த்தால் ஒருவரிடமும் டிக்கெட் இல்லை. "எங்கேய்யா கண்டக்டர்?" என்று கேட்டதற்கு டிரைவர் திரும்பிப் பார்த்துவிட்டு, "அப்போ இவ்வளவு நேரம் நான் யார்கிட்ட சார் பேசிட்டு வந்தேன்?" என்றாராம்.

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தையல்காரர் தொடையைத் தட்டினார். காது கேட்காத பெரியவர், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு தன் பங்குக்குச் சத்தமாகச் சிரித்தார். அவர் எப்போதும் கடைசியில்தான் சிரிப்பார், ஆனால் மற்ற எல்லோரையும்விட நன்றாகச் சிரிப்பார். டிரைவரம்மா சாவியை முழுதாகத் திருப்பினார். வண்டி ஒரே மூச்சில் கிளம்பியது. ஊசியைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்பது ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் உறைத்தது. நாலு தடவை முடிந்து நிறுத்த வேண்டிய நாள் வந்தபோது, அடுத்த முறை என் பங்குக்கு என்ன கதை சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிளக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கிப் பிடித்து அழுத்தினால் அது கொதிக்கும், அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ஆனால் பனிக்காலத்துக் காலையில் எஞ்சின் இரும்பே ஜில்லென்று இருக்கிறது. அழுத்தியதில் வரும் சூட்டை எல்லாம் அந்த இரும்பு குடித்துவிடுகிறது. அதனால் ஒவ்வொரு சிலிண்டரிலும் பென்சில் போல ஒரு பிளக்கைச் சொருகி வைத்திருப்பார்கள். உதிரிபாகக் கடைக்காரர் குளோ பிளக் என்பார், மெக்கானிக் ஹீட்டர் பிளக் என்பார். கரண்ட் கொடுத்தால் அதன் நுனி மின்சார அடுப்பின் கம்பி போலச் சிவக்கும். அது சிவந்த பிறகு வண்டியைக் கிளப்ப வேண்டும். எங்கள் வேன் பழைய காலத்து வண்டி என்பதால் எவ்வளவு நேரம் சூடாக்குவது என்பதை வண்டி முடிவு செய்யாது, சாவியைப் பிடித்திருக்கும் கைதான் முடிவு செய்யும். பிளக்குகளும் பழைய வகை. நிதானமாக, ஆற அமரத்தான் சூடாகும். அந்தக் காத்திருப்பில் பிறந்ததுதான் எங்கள் கதை வழக்கம்.

அது எப்படிப் பிறந்தது என்பதைத் துண்டு துண்டாகத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பிளக் சூடாகும் நேரத்தில் ஒருவரின் வாழ்க்கையில் எவ்வளவு கேட்க முடியும்?

வேன் முதலில் டிரைவரம்மா வீட்டுடையது. கணவர் அதில் காய்கறி ஏற்றி விற்றவர். மூட்டையைத் தனியாளாகத் தூக்கித் தோளில் போடும் மனிதர். அவருக்குச் சிறுநீரகம் போனதும் ஓட்ட முடியவில்லை. டிரைவரம்மா அதுவரை ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்ததோடு சரி. கணவர் பக்கத்தில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்த, "எனக்கு எங்க வீட்டுல பேர் வச்சிருக்காங்க, அதச் சொல்லிக் கூப்பிடுங்க" என்று இவர் பதிலுக்குக் கத்த, அப்படித்தான் ஓட்டக் கற்றுக்கொண்டார். வாசல் தூண் ஒன்று இன்றும் சாய்ந்துதான் நிற்கிறது.

மூட்டை தூக்கிய மனிதருக்கு ஊசி என்றால் உயிர் போகும் பயம். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் கை நடுங்க ஆரம்பித்துவிடுமாம். பிளக் சூடாகும் அந்தக் கொஞ்ச நேரம்தான் அவருக்குப் பெரிய நரகம். எஞ்சின் சத்தம் இல்லை, நகர்வு இல்லை, சும்மா உட்கார்ந்து பயப்படுவதைத் தவிர வேறு வேலை இல்லை. "அன்னிக்குச் சந்தையில என்னமோ கலாட்டான்னு சொன்னீங்களே, என்னது அது?" என்று ஒரு நாள் டிரைவரம்மா சாவியைப் பிடித்தபடியே கேட்டிருக்கிறார். அவர் சொல்லத் தொடங்கியிருக்கிறார். கை நடுங்கவில்லை. அன்றிலிருந்து போகும்போதெல்லாம் ஒரு கதை. பிறகு அதே பாதையில் போக வேண்டிய தையல்காரர் வந்து சேர்ந்தார். அவருக்குக் கதை சொல்ல ஆள் கிடைத்தால் போதும், ஊசி இரண்டாம்பட்சம்.

கணவர் ஒரு குளிர்காலத்தில் இறந்துபோனார். வேறு யாராக இருந்தாலும் வேனை விற்றிருப்பார்கள். காரியமெல்லாம் முடிந்த கையோடு, ஆஸ்பத்திரி போக வேண்டிய ஒரு காலையில், எப்படிப் போவது என்று தெரியாமல் தையல்காரர் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாராம். வேன் வந்து நின்றது. அவர் தயங்கியிருக்கிறார். "அவர் போயிட்டார். நீங்க இருக்கீங்க இல்ல? ஏறுங்க" என்றாராம் டிரைவரம்மா. தையல்காரர் எந்தக் கதையையும் நீட்டி முழக்குகிறவர். இதை மட்டும் இவ்வளவு சுருக்கமாகத்தான் சொல்வார்.

தனியாக வண்டியைக் காப்பாற்ற முடியாமல் போனபோது வேனைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டு, அதற்குச் சம்பள டிரைவராக அவரே சேர்ந்துகொண்டார். "வீட்டுப் பிள்ளைய ஆஸ்டல்ல சேர்த்த மாதிரி" என்பார். ஒருமுறை திரும்பும் வழியில் எனக்குக் காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு உயிரை வாங்கியது. டயாலிசிஸ் முடிந்தால் சிலருக்கு அப்படி வரும். டிரைவரம்மா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி வந்து, என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்து நீவி விட்டார். நான் வலியில் அவரையே திட்டினேன். "நல்லாத் திட்டுங்க சார், திட்டினா ரத்தம் ஓடும்" என்றார்.

கதைக்கு வருகிறேன். போன குளிர்காலம் தொடங்கும் முன் டிரைவரம்மா ஒரு காரியம் செய்தார். காது கேட்காத பெரியவர் காலையில் வண்டிக்குள் உட்கார்ந்து வெடவெடவென்று நடுங்குவதைப் பார்த்து மனம் கேட்காமல், பிளக்குகளை மாற்றிவிட்டார். பழசு கெட்டுப்போகவில்லை, மெதுவாகச் சூடாகிறது, அவ்வளவுதான். கடைக்காரர் வேறு வகை ஒன்றைக் காட்டியிருக்கிறார். "சட்டுனு சிவந்துடும்மா, கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள கிளம்பிடலாம்." டிரைவரம்மா பெருமையோடு எங்களிடம் சொன்னார். நாங்களும் கைதட்டினோம்.

முதல் சில நாட்கள் வண்டி தொட்டவுடன் கிளம்பியது. ஆனால் கதையை யாரும் விடவில்லை. விட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவே இல்லை. சாவியைத் திருப்பிப் பிடிப்பது, விளக்கு எரிவது, கதை ஓடுவது, முடிந்ததும் கிளம்புவது. இதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒழுங்கு. தையல்காரர் முறை வந்தால் ஒரு சட்டைக்குத் துணி எடுத்ததில் தொடங்கி, பித்தான் வைப்பதற்குள் அவருடைய பெரியப்பா குடும்பம் முழுவதும் வந்து போய்விடும்.

பனி கூடியது. ஒரு நாள் வண்டி இருமியது. இருமி, உதறி, வெள்ளைப் புகையை ஊர்வலம் மாதிரி விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டே ஓடியது. கொஞ்ச தூரம் போனதும் சரியானது. அடுத்தடுத்த தடவைகளில் இன்னும் மோசம். "சூடு பத்தல போலிருக்கு, இன்னொரு கதை சொல்லுங்க" என்றார் டிரைவரம்மா. சொன்னோம். இரண்டு கதை, பிறகு அதற்கு மேல் ஒரு துணுக்கு. வண்டிக்காக நாங்கள் மூச்சுப் பிடித்துக் கதை சொன்னோம். அது எங்கள் கதைகளைக் கேட்கக் கேட்க இன்னும் படுத்துக்கொண்டது.

கடைசியில் ஒரு காலை கிளம்பவே இல்லை. செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றியது, விளக்கு பளிச்சென்று எரிந்தது, புகைபோக்கியில் டீசல் நெடியோடு வெள்ளைப் புகை வந்தது. எஞ்சின் மட்டும் பற்றவில்லை. சங்கத்தின் செயலாளரான மருந்துக் கடைக்காரர், பின் சீட்டில் பாதி மருந்துப் பெட்டிகள் அடைத்திருந்த தன் காரை எடுத்து வந்து எங்களை இரண்டு நடையாகக் கொண்டு சேர்த்தார். இரண்டாவது நடையில் போன டீச்சருக்குத் தாமதமாகி, இயந்திரத்தில் பாதி நேரம்தான் கிடைத்தது. வெளியே வந்தபோது முகம் வீங்கி, ஒரு வாக்கியம் பேச இரண்டு தடவை மூச்சு வாங்கினார். வேன் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை நாங்கள் எல்லோரும் அவர் முகத்தில் பார்த்துக்கொண்டோம்.

காலையில் நாங்கள் காரில் ஏறுவதற்கு முன்பே வேனைப் பார்க்க மெக்கானிக் வந்துவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் 'பிரிச்சிடலாம்'. ஹாரன் அடிக்கவில்லை என்றாலும் அதைத்தான் சொல்வார். நல்ல மனிதர், கை சுத்தம். ஆனால் எதையும் பிரித்துப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. புகையைப் பார்த்தார், முகர்ந்தார். "பிஸ்டன் ரிங் தேஞ்சு போச்சுக்கா. அழுத்தம் நிக்கல. எஞ்சின இறக்கிப் பிரிச்சிடலாம்" என்றார். அதற்கு ஆகும் செலவு சங்கத்தால் தாங்க முடியாதது. செயலாளர் கையைப் பிசைந்துவிட்டு, பழைய வண்டி வாங்குகிற ஒருவருக்குச் சொல்லி அனுப்பினார். அந்த ஆள் இரண்டு நாளில் வந்து வேனை எடுத்துப்போவதாக ஏற்பாடு. எனக்கு வந்த கோபத்தில் செயலாளரை, மெக்கானிக்கை, அந்த வாங்குகிறவரை, பனியை, எல்லோரையும் திட்டினேன். டிரைவரம்மா ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அன்றுதான். பயமாக இருந்தது.

ஆனால் அன்று மதியம், ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்காக அதே வேன் நின்றது. வெயிலில் நின்று சூடேறியதும் கொஞ்சம் மல்லுக்கட்டிக் கிளம்பிவிட்டதாம். மேட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு திணறாமல் ஏறியது. டிரைவரம்மா வழியெல்லாம் தனக்குள் ஏதோ முணுமுணுத்தார். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிடும்போது கேட்டார்.

"சார், ரிங் போயிருந்தா ஆயில் குடிக்கும், நீலப் புகை வரும். இது ஒரு சொட்டு ஆயில் குடிக்கல. புகை வெள்ளையா வருது. மேட்டுல கழுதை மாதிரி இழுக்குது. காலையில மட்டும் செத்துப்போற எஞ்சின் உண்டா?"

"என்னைக் கேட்டா? எனக்கு டயம்தான் பார்க்கத் தெரியும்."

"நாளைக்கு நீங்களும் கொஞ்சம் வர்றீங்களா? தனியா நின்னா அழுதுடுவேன் போலிருக்கு."

மறுநாள் சங்கக் கட்டடத்தின் பின்புறம் போனேன். மெக்கானிக்கும் ஸ்பானர் பையோடு வந்திருந்தார், இறக்குவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று டிரைவரம்மா வரச் சொல்லியிருந்தார். நான் வழக்கமாக உட்காரும் முன் சீட்டைத் தூக்கினால் அதன் கீழேதான் எஞ்சின். இத்தனை நாள் இதன் மேலேயா உட்கார்ந்திருந்தேன் என்று பார்த்தேன்.

"தம்பி, பிளக்க ஒருவாட்டி பார்த்துடலாமா?" என்றார் டிரைவரம்மா.

"விளக்குதான் எரியுதேக்கா."

"விளக்கு எரிஞ்சா கரண்ட் இங்கேருந்து கிளம்பிடுச்சுன்னு அர்த்தம். அங்க போய்ச் சேர்ந்து வேலை பார்த்துச்சான்னு விளக்குக்கு எப்படித் தெரியும்?"

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். பிறகு முகம் மலர்ந்தது. பிரிப்பதற்கு ஏதோ கிடைத்துவிட்ட சந்தோஷம். நாலு பிளக்குகளின் தலையையும் இணைத்திருந்த பித்தளைப் பட்டையைக் கழற்றினார். பையிலிருந்து வயர் வைத்த ஒரு சின்ன பல்பை எடுத்தார். வயரின் ஒரு முனையை பேட்டரியில் கவ்வவிட்டு, மறுமுனையை ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட வேண்டும். பிளக்கின் உள்ளே கம்பி முழுசாக இருந்தால் பல்பு எரியும், அறுந்திருந்தால் எரியாது. பல்பை என்னிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். ஊசி குத்தாத கையால் பிடித்துக்கொண்டேன்.

"ஒவ்வொரு தடவையும் நர்ஸ் உங்க கையத் தொட்டுப் பார்க்கிறாங்கள்ல சார், ரத்தம் ஓடுற துடிப்பு இருக்கான்னு? அதே மாதிரிதான்" என்றார் டிரைவரம்மா.

முதல் பிளக்கைத் தொட்டார்கள். பல்பு இருட்டு. இரண்டாவது, இருட்டு. மூன்றாவதும் இருட்டு. நாலாவதில் எரிந்தது. நாலில் ஒன்றுதான் உயிரோடு இருந்தது. வண்டி அந்த ஒன்றை நம்பித்தான் இத்தனை நாள் இருமிக்கொண்டிருந்திருக்கிறது. எஞ்சினுக்கு ஒரு கேடும் இல்லை.

மெக்கானிக் செத்த பிளக்குகளைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். நுனி வீங்கி, வெடித்து, கருகியிருந்தது. "இது சட்டுனு சிவக்கிற வகையாச்சே. சிவந்ததும் விட்டுடணும். நீங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறீங்க?"

டிரைவரம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"தையல்காரர் கதை முடியிற வரைக்கும்" என்றேன்.

மெக்கானிக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. புரிந்ததும் சிரித்த சிரிப்பில் கீழே கிடந்த பழைய டயரில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ அக்கா, வண்டிய நீங்க கதை சொல்லியே கொன்னுட்டீங்க!" டிரைவரம்மாவும் சிரித்தார். சிரிப்பின் நடுவிலேயே அழுதார். பெரியவர் குளிரில் நடுங்கக் கூடாது என்று அவர் பிளக்கை மாற்ற, வண்டி கிளம்ப வேண்டும் என்று நாங்கள் கதையை நீட்ட, இரண்டு நல்ல எண்ணமும் சேர்ந்து அந்த நுனிகளைப் பொசுக்கியிருந்தன.

"என் கடையில இதே வகை புதுசு இருக்கு. போட்டுடறேன். சாவியத் திருப்பி, விளக்கப் பார்த்ததும் கிளப்பிடுங்க. கதையெல்லாம் வேணாம்" என்றார் மெக்கானிக்.

டிரைவரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை எடுத்தார். முன்பு கழற்றிய பழைய பிளக்குகள். தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருந்தார். "இதப் பாருங்க தம்பி."

மெக்கானிக் ஒவ்வொன்றையும் குறட்டில் பிடித்து பேட்டரியோடு இணைத்துப் பார்த்தார். மூன்று நிதானமாக, நுனியிலிருந்து அழகாகச் சிவந்தன. ஒன்று மட்டும் வெகு நேரம் யோசித்துவிட்டுச் சிவந்தது. "இது சோம்பேறிக்கா. நாளைக்குக் காலையில வண்டி எடுக்கிற ஆள் வந்துடுவார். அவர் முன்னாடி கிளம்பலைன்னா அவ்வளவுதான். புதுசு போட்டா உறுதி. ரெண்டு வகையையும் கலந்தும் போடக் கூடாது. யோசிச்சுக்குங்க."

எனக்கு அவர் சொல்வதுதான் சரி என்று பட்டது. சொல்லவும் செய்தேன்.

"சார், புதுசு போட்டா வண்டி உடனே கிளம்பிடும். ஏறுனதும் ஆஸ்பத்திரிதான். யாரும் யார்கிட்டயும் பேச மாட்டாங்க. அப்போ இது வெறும் வண்டி" என்றார் டிரைவரம்மா. "பெரியவருக்கு நான் ஒரு கம்பளி வாங்கித் தர்றேன். சோம்பேறிக்காகக் கொஞ்சம் காத்திருந்தா என்ன கெட்டுப்போச்சு? நாம என்ன ஓடியாடுற ஆளுங்களா?"

காலம் முழுவதும் நேரத்தைக் காவல் காத்த நானே அந்தச் சோம்பேறியை எடுத்து, மாட்டச் சொல்லி மெக்கானிக்கிடம் கொடுத்தேன்.

மறுநாள் காலை வழக்கத்தைவிடப் பனி. வேனின் கூரை வெளுத்திருந்தது. வாங்குகிற ஆள் கையைத் தேய்த்துக்கொண்டு ஓரமாக நின்றார். கிளம்பிவிட்டால் விற்கப்போவதில்லை என்று செயலாளர் அவரிடம் சொல்லியிருந்தார். கிளம்பாவிட்டால் எங்களை ஏற்றிப் போவதற்குச் செயலாளருடைய கார் பின்னாலேயே நின்றது. மெக்கானிக் எஞ்சின் பக்கம் காதை வைத்தபடி குனிந்திருந்தார். நாங்கள் எங்கள் இடங்களில் ஏறி உட்கார்ந்தோம். டிரைவரம்மா தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டார். சாவியைப் பாதி திருப்பிப் பிடித்தார். ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"யார் முறை?" என்றார். குரல் வழக்கத்தைவிடச் சின்னதாக இருந்தது.

என் முறை. இரவே ஒரு பஸ் கதையை யோசித்து வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அது வரவில்லை.

"நன்றி" என்றேன்.

டிரைவரம்மா பாதி திரும்பினார்.

"என்ன சார்?"

"நன்றிம்மா. அவ்வளவுதான். முடிஞ்சுது."

"ரொம்பச் சின்னதா இருக்கே சார்" என்றார் டிரைவரம்மா, விளக்கைப் பார்த்தபடியே. "சோம்பேறி இன்னும் சூடாகல. மேல சொல்லுங்க."

சொன்னேன். முதல் நாள் நாலு தடவையோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துகொண்டு ஏறியதைச் சொன்னேன். கண்டக்டர் இல்லாத பஸ்தான் என்னைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தது என்று சொன்னேன். காலை நீவி விட்டதற்கு நன்றி என்றேன். அப்போது நான் திட்டியும் பதிலுக்குத் திட்டாமல் இருந்ததற்கும் நன்றி என்றேன். நான் உயிரோடு இருப்பதால் என் மனைவிக்குத் திட்ட ஒரு ஆள் இருக்கிறான், அவள் சார்பிலும் நன்றி என்றேன். தெருமுனையில் நின்ற தையல்காரரை ஏற்றிக்கொண்டதற்கு நன்றி, அன்று அவரை விட்டுப் போயிருந்தால் இன்று எங்களில் யாருக்கும் வண்டி இல்லை என்றேன். பார்த்தே இராத அந்தக் காய்கறிக்காரருக்கு, பயந்ததற்காக, நன்றி சொன்னேன். எனக்கே என் குரல் அடையாளம் தெரியவில்லை. பின்னால் டீச்சர் மூக்கை உறிஞ்சினார்.

"போதும் சார், முடிங்க, நேரமாகுது" என்றார் தையல்காரர். அவர் போய் அதைச் சொன்னார்!

"இன்னும் ரெண்டு மூணு இருக்கு" என்றேன். "ஒவ்வொரு தடவையும் ஹாரன் அடிச்சுக் கூப்பிடாம, எங்க வீடு வரைக்கும் நடந்து வந்து கதவத் தட்டுறீங்களே—"

டிரைவரம்மா சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரு சுற்று உறுமியது. பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, நடுக்கம் இல்லை. வெளியே மெக்கானிக் இரண்டு கையையும் தூக்கினார். செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காது கேட்காத பெரியவர் எல்லோருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, வழக்கம் போலக் கடைசியில், வழக்கம் போல எல்லோரையும்விட நன்றாகச் சிரித்தார்.

சந்தோஷத்தில் செயலாளர் வேன் கதவை ஓங்கிச் சாத்திவிட்டார். டிரைவரம்மா ஈரக் கண்ணோடு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தியது அந்தத் தெருவுக்கே கேட்டது. அந்தச் சத்தத்தில் என் பேச்சு பாதியில் நின்றுபோனது. மிச்சத்தைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.